ஸ்தோத்திரம் அண்ணாச்சி

தாமிரபரணிக்குத் தெற்கே, தேரிமணலும் பனைமரமுமாகக் கிடக்கும் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு அண்ணாச்சி. கோயில் என்றால் சி.எஸ்.ஐ. கோயில். அதைச் சர்ச் என்று சொல்லப் பழகியதெல்லாம் சென்னைக்குப் பிழைக்கப் போன பிறகுதான். நான் சொல்லப்போகும் அண்ணாச்சியும் ஒரே ஆள் அல்ல. பல ஊர்களில் பார்த்த நாலைந்து பேரை ஒரே வேட்டிக்குள் கட்டி நிறுத்தியிருக்கிறேன். வேட்டி யாருக்கும் இறுக்கமாக இல்லை என்பதுதான் வேடிக்கை.

ஞாயிறு காலை முதல் மணி அடிக்கும்போதே அண்ணாச்சி கோயில் வாசலில் நிற்பார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஜிப் வைத்த கறுப்பு உறைக்குள் வேதப்புத்தகம். வருகிறவர் எல்லாருக்கும் ஒரு ஸ்தோத்திரம் உண்டு. அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும். பிஷப் வந்தால் இடுப்புவரை வளைவார். ஐயருக்கு, அதாவது பாதிரியாருக்கு, கழுத்துவரை. துபாய்ப் பணம் வருகிற வீட்டுக்காரருக்கு இரண்டு கையும் கூடும். கோயில் பிள்ளைக்கு மோவாய் மட்டும் லேசாக அசையும். மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்குவது எல்லாம் கோயில் பிள்ளையின் வேலை. அண்ணாச்சியின் மோவாய் அசைவு அதற்கான சம்பளத்தில் ஒரு பகுதி என்று சபையில் பேச்சு.

வேதம் தெரியாத மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல்வரை பதினேழு தடவை வாசித்து முடித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் முடித்த தேதியைக் கடைசிப் பக்கத்தில் பேனாவால் குறித்துமிருக்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்பதும் உண்மை. நடிப்பு என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அண்ணாச்சியின் விசுவாசம் வீட்டுப் பத்திரம் போன்றது. ஒரிஜினல். நாலு தலைமுறைத் தாய்ப் பத்திரம் உண்டு. வில்லங்கச் சான்றிதழ் எடுத்தாலும் சுத்தமாக இருக்கும். பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அண்ணாச்சி குடியிருப்பது மட்டும் வேறு வீட்டில்.

ஒருமுறை பனையேறி ஒருவர் மகளை நர்சிங் படிப்பில் சேர்க்கப் பணம் குறைகிறது என்று அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் வந்து நின்றார். அண்ணாச்சி முழுக்கக் கேட்டார். கண்கூடக் கலங்கிற்று. பிறகு, "கவலப்படாத வே, நான் ஜெவம் பண்ணிக்கிடுதேன்" என்றார். வெறும் வாய்ச்சொல் அல்ல அது. ஜெபக் குறிப்பு நோட்டில் வரிசை எண் போட்டு எழுதி, விடியற்காலையில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு மாதம் ஜெபித்தார். அப்புறம் அந்த மனிதரை வழியில் பார்த்தபோது, "என்ன வே, கர்த்தர் வழி திறந்தாரா?" என்று கேட்டார்.

"திறந்துட்டு அண்ணாச்சி. வீட்டுக்காரி சங்கிலிய அடகு வச்சிட்டேன்."

அடகுக்கடை அண்ணாச்சியின் மச்சினருடையது. அன்று இரவே நோட்டை எடுத்து, அந்த எண்ணுக்கு நேராகச் சிவப்பு மையால் 'ஜெபம் கேட்கப்பட்டது' என்று எழுதினார்.

யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பசியோடும் உடுப்பில்லாமலும் நிற்பவனை நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடுகிற ஆளைப் பற்றி வருகிறது. அதைப் பற்றி ஓர் உபவாசக் கூட்டத்தில் ஒரு வாலிபன் கேட்டான். அண்ணாச்சி அசரவில்லை. மார்ட்டின் லூத்தர் 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டபோது, மற்ற நிருபங்களோடு வைத்துப் பார்த்தால் யாக்கோபு வைக்கோல்தான் என்று முன்னுரையில் எழுதியதை எடுத்துவிட்டார். லூத்தரின் அத்தனை எழுத்திலும் அண்ணாச்சிக்குத் தெரிந்தது அந்த ஒரு வைக்கோல்தான். அதே அதிகாரம், பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தல் உடுத்தவனுக்குத் தரையும் கொடுக்கிற சபையைப் பற்றித்தான் தொடங்குகிறது. அண்ணாச்சி அன்று போட்டிருந்தது மூன்று மோதிரம். உட்கார்ந்திருந்தது ஃபேனுக்கு நேர் கீழே. ஃபேன் அவர் உபயம்தான். இறக்கையில் பெயர் எழுதியிருக்கிறது. ஓடினால் பெயர் தெரியாது, நின்றால் காற்று வராது. இந்த இக்கட்டிலிருந்து பாடம் கற்று, அடுத்த வருஷம் சுவர்க்கடிகாரமாக வாங்கிக் கொடுத்தார்.

தாய்ப் பத்திரம் என்று சொன்னேன் இல்லையா? அதற்கு வருகிறேன். 1799இல் முதலூர் உண்டானது எப்படி என்று அண்ணாச்சி சொல்லிக் கேட்க வேண்டும். கிறிஸ்தவர்கள் ஆனதற்காகச் சொந்த ஊரில் அடியும் உதையும் பட்டவர்கள் ஒதுங்கி வாழ ஓர் இடம் வேண்டும் என்று, நிலம் வாங்கிக் குடியேற்றிய முதல் ஊர். அதனால்தான் முதலூர். (இப்போது அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு மஸ்கோத் அல்வாதான் ஞாபகம் வரும். எனக்கும்தான்.) "ஓட்டன் ஓடிவந்தப்ப இடுப்புத் துணியத் தவிர ஒண்ணும் கெடையாது தம்பி" என்று அண்ணாச்சி சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ஓடிவந்தவனுக்கு யாரோ இடம் கொடுத்த கதை அது. அண்ணாச்சியின் மாடி வீடு ஐந்து வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது. யாருக்கு விடுவது என்பதில் அவருக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. சபையார் என்றால் சரி, சபையார் எல்லாரும் சரியில்லை.

அசரியா பிஷப்பைப் பற்றிப் பேசுவதென்றால் அண்ணாச்சிக்குத் தனி உற்சாகம். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவராகி, 1912இல் தோர்ணக்கல்லில் பிஷப்பாகி உட்கார்ந்தவர். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பிஷப்பானது அதுதான் முதல் தடவை. சங்க நாள் கூட்டத்தில் அண்ணாச்சி அவரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். 1910இல் எடின்பரோ மாநாட்டில், ஆயிரத்துக்கு மேற்பட்ட மிஷனெரிப் பிரமுகர்களின் முகத்துக்கு நேராக, நீங்கள் எங்களுக்காக உழைக்கிறீர்கள், கொடுக்கிறீர்கள், ஆனால் சிநேகிதராகப் பக்கத்தில் சேர்ப்பதில்லை என்ற பொருளில் அந்த 35 வயது மனிதர் பேசியதைச் சொல்லும்போது மேஜையைத் தட்டினார். நல்ல பேச்சு. எனக்கே புல்லரித்தது. கூட்டம் முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவர் பின்வாசல் பக்கம் வந்தார். கிணற்றடிச் சுவரின் மாடத்தில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை அவரே எடுத்து, அவரே கழுவி, நீட்டினார். மேலேயிருந்து காப்பி விழுந்தது. அவரும் கிறிஸ்தவர்தான். பேர் யோவான். எனக்கு எவர்சில்வர் டம்ளரில் முன்வாசலில் கொடுத்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி நன்றாக இருந்தது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அண்ணாச்சியைப் பார்க்காதவர்கள் அவருடைய தாராளத்தைப் பார்க்காதவர்கள். படைத்த கோழி, வாழைத்தார், முருங்கைக்காய் கட்டு எல்லாம் போய், கடைசியில் ஒரு பூசணிக்காய் வந்தது. நூற்றைம்பதில் தொடங்கிற்று. அண்ணாச்சி இருநூறு என்றார். பந்தலின் மறு கோடியிலிருந்து இன்னொரு குரல் முந்நூறு என்றது. குரல் அவர் தம்பியுடையது. கிணற்றடியில் ஒன்றரை அடிச் சுவருக்காகப் பதினோரு வருஷமாகக் கோர்ட்டில் நடக்கிறது. பேச்சு வார்த்தை கிடையாது. பூசணிக்காய் ஆயிரம் தாண்டிற்று. ஐயாயிரம் தாண்டிற்று. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவிக்கொண்டிருந்தவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்தார். எட்டாயிரத்து ஐந்நூறுக்கு அண்ணாச்சி எடுத்தார். கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. மறுநாள் காலை அதே கையால், ஐந்து ரூபாய் கீரைக் கட்டை நாலு ரூபாய்க்குக் கேட்டுக் கீரைக்காரப் பாட்டியைக் கால்மணி நேரம் வாசலில் நிறுத்தி வைத்தார். பாட்டி நாலரைக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். எட்டாயிரத்து ஐந்நூறு இன்னும் பாக்கி. சேகரக் கமிட்டியில் ஏலப் பாக்கிப் பட்டியலை வாசிப்பவர் பொருளாளர். பொருளாளர் அண்ணாச்சிதான். தன் பெயர் வருகிற இடத்தில் பலமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ஒரு ஞாயிறு அவருடைய பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். அன்று இரண்டாம் பாடம் வாசிப்பது அண்ணாச்சி. லூக்கா பத்தாம் அதிகாரம், நல்ல சமாரியன். ரோட்டோரம் ஒருவர் விழுந்து கிடந்தார். சைக்கிள் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். வண்டியின் வேகம் கொஞ்சம் குறைந்தது, பிறகு கூடிற்று. "குடிச்சிருப்பான். ஞாயித்துக்கிழமையும் அதுவுமா" என்றார் அண்ணாச்சி. "இருக்கும்" என்றேன் நான்.

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் செமினரி மாணவர்களை வைத்து டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதையே சோதித்து 1973இல் வெளியிட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேச வேண்டும் என்று மாணவர்களை அனுப்பினார்கள். சிலருக்குத் தலைப்பே நல்ல சமாரியன்தான். வழியில் ஒருவர் சுருண்டு இருமிக்கொண்டு கிடந்தார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். நேரமாகிவிட்டது ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். பேசப்போகும் தலைப்பு பெரிதாக எந்த வித்தியாசமும் செய்யவில்லை. அண்ணாச்சிக்கு இது தெரியாது. எனக்கு அன்றைக்கே தெரியும், படித்திருந்தேன். தெரிந்துகொண்டுதான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாச்சி அன்று அருமையாக வாசித்தார். ஆசாரியன் விலகிப்போகும் இடத்தில் நிறுத்தி, சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரே குறை, இரண்டாம் மணி பத்து நிமிஷம் தாமதமாக அடித்ததுதான். ஆல்டருக்குப் பூ வாங்கப் போயிருந்த கோயில் பிள்ளை, வழியில் கிடந்தவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார். குடி இல்லை; சர்க்கரை இறங்கி மயக்கம். வந்த வேகத்தில் பூவை ஆட்டோவிலேயே விட்டுவிட்டார். அடுத்த கமிட்டியில் இது பொருளாக வந்தது. கொண்டுவந்தவர் அண்ணாச்சி. 'மணி தாமதம், பூ இன்மை' குறித்துக் கோயில் பிள்ளையிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கப்பட்டது. அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். விளக்கம் ஏற்கப்பட்டு, எச்சரித்து விடப்பட்டதாக மினிட் புத்தகத்தில் இருக்கிறது.

கடைசியாகச் சமாதானம்.

1950இல் சி.எஸ்.ஐ. வகுத்துக்கொண்ட திருவிருந்து ஆராதனை முறையில், பீடத்திலிருந்து சமாதானம் கைக்குக் கை வரும். ஒருவர் கொடுப்பதை அடுத்தவர் இரு கையாலும் வாங்கி, அப்படியே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம் அது. நல்ல வழக்கம்தான், எங்கள் மூன்றாம் பெஞ்சுக்குத்தான் அது ஒத்துவரவில்லை. அந்தப் பெஞ்சு அண்ணாச்சியின் அப்பா கொடுத்தது. முதுகில் பெயர் செதுக்கியிருக்கும். அண்ணனும் தம்பியும் பங்கு பிரிக்காமல் வைத்திருக்கும் ஒரே சொத்து. இடத்தை விட்டால் உரிமை போய்விடும் என்று ஒரு கோடியில் அண்ணாச்சி, மறு கோடியில் தம்பி. நடுவில் தங்கச்சி மகன். சமாதானம் அண்ணாச்சியிடம் வரும். அவர் பையனிடம் கொடுப்பார். பையன் நகர்ந்து போய் மாமாவிடம் கொடுப்பான். பதினோரு வருஷம் இப்படிச் சமாதானம் தபாலில் போய்க்கொண்டிருந்தது. பையன் கால்சட்டையிலிருந்து பேன்ட்டுக்கு மாறினான். மீசை வந்தது. பிறகு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

அவன் இல்லாத முதல் திருவிருந்து ஞாயிறு. சமாதானம் முதல் பெஞ்சு தாண்டி, இரண்டாம் பெஞ்சு தாண்டி வருகிறது. நான் நாலாம் பெஞ்சில். அண்ணாச்சிக்குத் திடீரென்று கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. குனிந்து பெஞ்சுக்கடியில் தேட ஆரம்பித்தார். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது எனக்குத் தெரிந்தது. அதே நேரம் தம்பிக்கும் காணிக்கைச் சில்லறை உருண்டு ஓடிவிட்டது. அவரும் குனிந்தார். இரண்டு வழுக்கைத் தலைகளும் பெஞ்சுக்கடியில் மெதுவாக நடுப்பக்கம் நகர்ந்தன. டங்கென்று ஒரு சத்தம். கீபோர்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"எரும, பாத்து வரப்புடாதா?" என்றார் அண்ணாச்சி.

"நீரு பாத்து வாரும்" என்றார் தம்பி.

பதினோரு வருஷத்தில் இருவருக்குள் நடந்த முதல் பேச்சு அது. அதற்குள் சமாதானம் அவர்கள் தலைக்கு மேலாக நாலாம் பெஞ்சுக்கு வந்துவிட்டது. நான் வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் திருவிருந்துக்கு அண்ணாச்சி சீக்கிரமே வந்துவிட்டார். மூன்றாம் பெஞ்சின் நடுவில், கால் தரையில் எட்டாத ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருந்தான். கையில் இரண்டு ஆரஞ்சு மிட்டாய். ஒன்று அண்ணாச்சி கொடுத்தது, இன்னொன்று தம்பி கொடுத்தது.