ஒன்றியம் அண்ணன்

சிறிய கட்சி ஒன்றின் ஒன்றியச் செயலாளர் அவர். ஊரில் பெயரே 'ஒன்றியம்' ஆகிவிட்டது. ஸ்கூட்டர் டிக்கியில் உறை பிரிக்காத சால்வை ஒன்று எப்போதும் இருக்கும். "யாருக்குண்ணே?" என்றால், "மேலிடம் இன்னும் சொல்லலையே தம்பி" என்பார். எந்தக் கட்சிக்காரர் தோளிலும் உறுத்தாத சந்தன நிறமாகப் பார்த்து வாங்கியது.

உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தால், எட்டு வார்டுப் பட்டியலோடு பெரிய கட்சியின் மாவட்டச் செயலாளர் வீட்டு வாசலில் நிற்பார். எட்டு கேட்டால் மூன்றாவது பேச்சுக்கு வரும், மூன்றில் ஒன்றாவது கைக்கு வரும் என்பது கணக்கு. கைக்கு வந்த அந்த ஒன்றிலும் பெரிய கட்சிக் கிளைச் செயலாளரின் மச்சான் சுயேச்சையாக மனுப் போட்டிருப்பார். வாபஸ் நாளன்று மூன்று மணி அடிக்கும்வரை ஒன்றியம் அந்த மச்சான் வீட்டுத் திண்ணையில் காபி குடிப்பார். மச்சான் கொல்லைப்பக்கமாக எப்போதோ கிளம்பியிருப்பார். "பேச்சு சுமுகமா முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு இவரும் கிளம்புவார்.

உள்ளாட்சித் தேர்தல்களில் 2021-இல் பாமகவும் 2022-இல் பாஜகவும் அதிமுக கூட்டணியை விட்டுத் தனியே நின்றபோது, "நாமளும் தனியா நிப்போமேண்ணே" என்றான் ஒரு பையன். "நின்னா முன்மொழியவே ஆள் தேடணும்டா."

ஊராட்சித் தலைவர் பதவிதான் அவருக்கு விடுமுறை. அங்கே கட்சிச் சின்னம் கிடையாது. கூட்டணியைப் பங்காளிகளும் சம்பந்திகளும் பார்த்துக்கொள்வார்கள். கிராமத்து வாக்காளருக்கு நாலு ஓட்டு இருப்பதால் ஒரே தெருவில் இவர் ஒன்றிய வார்டுக்கு நிற்கும் அண்ணனைத் திட்டிவிட்டு, தலைவர் பதவிக்கு நிற்கும் தம்பியைப் புகழ்வார். கேட்டால், "அது கட்சி, இது ஊரு."

நகரங்களில் தலைவர் நாற்காலிக்கு ஆளைக் கவுன்சிலர்களே கூடித் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலில்தான் கூட்டணியின் சாயம் வெளுக்கும். 2022 மார்ச் 4 அன்று நகராட்சி, பேரூராட்சிகளில் தோழமைக் கட்சிகளுக்கு ஒதுக்கிய சில நாற்காலிகளில் திமுகவினரே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பொறுப்பை விட்டு விலகச் சொல்லி முதல்வர் ஸ்டாலினே அறிக்கைவிட வேண்டியதாயிற்று. நாளிதழில் வந்த அந்த அறிக்கையை ஒன்றியம் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். இடப்பங்கீடு இழுபறியானால் எடுத்து மேசைமேல் வைப்பார்.

எதிரே இருப்பவர் படிக்கமாட்டார். டீ கிளாஸை அதன்மேல் வைத்துக்கொண்டு, "அப்புறம்ணே, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பார்.