விதிப்படி சரி, காதுக்குத்தான் இரைச்சல்

2010-இல் ஃபெடோரா 14 லினக்ஸில், உலாவியில் பாட்டும் படமும் ஓட்டும் ஃப்ளாஷின் ஒலி திடீரெனக் கரகரத்தது. ஃப்ளாஷை யாரும் தொடவில்லை. ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் ஜிலிப்சி நூலகத்தில், தரவை நகலெடுக்கும் மெம்காப்பியை வேகப்படுத்தியிருந்தார்கள். சில பிராசஸர்களில் அது வாலிலிருந்து தலைக்கு நகலெடுக்கத் தொடங்கியது.

எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் மெம்காப்பியை அழைக்கக் கூடாது, அதற்கு மெம்மூவ் இருக்கிறது என்பது சி மொழியின் விதி. ஃப்ளாஷ் அழைத்தது; திசை மாறியதும் ஒலித் தரவு குலைந்தது. ஆகவே குற்றவாளி ஃப்ளாஷ், வழக்கு முடிந்தது! பாட்டுக் கேட்க வந்தவர் பாட்டுக்குப் பதில் விதிப்புத்தகத்தைப் படித்துக்கொள்ளலாம். (விதியில் பிழையே இல்லை, அதுதான் எரிச்சல்.) பயனருக்கு வேலை செய்யாத சரி எதற்கு என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே சண்டைக்கு வந்தார்.

2011-இல் ஜிலிப்சி 2.14 ஒரு வழி செய்தது. புதிய மெம்காப்பிக்குப் புதிய பதிப்பு முத்திரை. பழைய 64 பிட் நிரல்கள் மெம்காப்பியைக் கேட்டால், அந்தப் பெயரில் மெம்மூவ் வந்து நிற்கும். ஆள்மாறாட்டம்தான், ஆனால் பாட்டு கேட்டது.

2020 முடிவோடு ஃப்ளாஷின் கதை முடிந்துவிட்டது. அந்தப் பழைய முத்திரை இன்னும் ஜிலிப்சியில் இருக்கிறது.