கண்டன்சர் கட்சி

ராஜபாளையத்துப் பிசிக்ஸ் வாத்தியார் ஒருவர், ஓய்வு பெற்ற கையோடு கொட்டகையில் கிடந்த பழைய புல்லட்டுக்கு இன்ஜின் வேலை பார்த்தார். சிலிண்டர் போரிங், புது பிஸ்டன், புது ரிங், வால்வு கிரைண்டிங். பில்லைப் பார்த்த வீட்டம்மா அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை.

காலையில் வண்டி நல்ல பிள்ளை. பழைய புல்லட்டை எழுப்ப ஒரு சம்பிரதாயம் உண்டு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்தி, டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து பிஸ்டனைக் கொஞ்சம் தாண்டவிட்டு, அப்புறம் ஒரே மிதி. அவசரப்பட்டால் 346 சி.சி.யும் சேர்ந்து கணுக்காலைத் திருப்பி அடிக்கும். 1956-ல் சென்னையில் புல்லட் தயாரிப்பு தொடங்கியதிலிருந்து எத்தனை பேர் இப்படி நொண்டியிருப்பார்களோ! வாத்தியார் நொண்டவில்லை. முதல் மிதியிலேயே வண்டி எழும்பியது.

வில்லங்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில் காத்திருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. பால்கோவா வாங்க வண்டியை நிறுத்துவார். வாங்கி வந்து மிதித்தால் 'பொக்'கென்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். அரை மணி நேரம் நிழலில் நின்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். அந்த அரை மணி நேரம் சும்மா நிற்க முடியுமா? இன்னொரு நூறு கிராம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய இனிப்பு, வாத்தியாரின் ரத்தப் பரிசோதனையிலும் ஓர் இடம் பிடித்தது.

கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். "ஓவர்ஃப்ளோ சார், பிளக்கைக் கழட்டுங்க." கழற்றினால் காய்ந்து கிடந்தது, பொறியும் நீலமாகவே வந்தது. "கார்பரேட்டர்ல தூசி." சுத்தம் செய்தாயிற்று. கடைசியில் ஜெயித்தது கண்டன்சர் கட்சி. அவர்கள் வாதத்திலும் ஞாயம் இருந்தது: பாயிண்ட் திறக்கும்போது அங்கே பொறி பறக்காமல் கரண்டை வாங்கிக்கொள்வது கண்டன்சர், உள்ளே பழுதானது சூட்டில் கைவிடும், ஆறினால் வேலை செய்யும். நோய்க்குறி அப்படியே பொருந்தியது. புதுக் கண்டன்சர் வந்தது. நோய் போகவில்லை.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து ஊரில் ஃபிட்டருக்குப் பஞ்சமில்லை. தெருக்கோடியில் இருந்த அப்படியொரு பழைய மில் ஃபிட்டர் ஸ்பேனரைத் தொடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சூட்டுல மிதிக்கும்போது கிக்கர் கெட்டியா இருக்கா, லேசா இறங்குதா?"

வாத்தியார் யோசித்தார். "லேசாத்தான் இறங்குது அண்ணாச்சி."

"அப்ப கம்ப்ரஷன் ஓடுது சார். கரண்டு மேல ஏன் பழி போடுறீங்க?"

மறுநாள் காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே அண்ணாச்சி சிலிண்டருக்குப் பக்கத்திலுள்ள டேப்பெட் மூடியைக் கழற்றினார். பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்கு வந்து இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது புஷ்ராடு இரு விரலால் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இன்லெட் சுழன்றது. எக்ஸாஸ்ட் மசியவே இல்லை.

காரணம் எளிது. கிரைண்டிங் செய்த வால்வு, ஓடத் தொடங்கியதும் சீட்டில் இன்னும் கொஞ்சம் அமர்ந்துகொள்ளும். அப்போது அதன் தண்டு ராக்கரை நோக்கி ஏறி, இடைவெளியைத் தின்றுவிடும். வண்டி சூடானால் தண்டு நீளவும் செய்யும். விலக இடமில்லாமல் வால்வு மயிரிழை திறந்தே நிற்கும்.

"இரும்பு சூடானா நீளுமில்ல சார்?" என்று அண்ணாச்சி பொறுமையாக விளக்கினார், முப்பது வருஷம் வெப்ப விரிவு பாடம் நடத்திய மனிதருக்கு. வாத்தியார் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வார்?

லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருகி, மறுபடி இறுக்க டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. "500 கிலோமீட்டர் ஓடினதும் ஹெட் நட்டையும் டேப்பெட்டையும் இன்னொரு தடவை பாத்திரணும்" என்று சொல்லிவிட்டுக் காசு வாங்காமல் போய்விட்டார்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கொதிக்கும் வெயிலிலும் ஒரே மிதிதான். கடை வாசலில் கண்டன்சர் கட்சி மட்டும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. புதுசு போட்டதும் உடனே கேட்காதாம். செட் ஆக நாளாகுமாம்.