குடை பிடித்துத் தண்ணீர் ஊற்றுபவர்

கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏறியதும் மீனவர்கள் படகைக் கரையேற்றுவார்கள்; மஞ்சக்குப்பத்திலும் அண்ணாமலைநகரிலும் மழைக்காலத் தோட்டக்காரர் லுங்கியை மடித்துக் கட்டுவார். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கோப்புகளை இருந்த இடத்திலிருந்து அசைய விடாதவர், இப்போது ரோஜாத் தொட்டியை நாளுக்கு நாலு தடவை இடம் மாற்றுகிறார். தாழ்வு நிலை தாழ்வு மண்டலமாவதற்குள் மாடித் தொட்டிகளெல்லாம் கூடத்துக்கு இறங்கிவிடும். வீட்டார் மாடிக்கு ஏறிவிடுவார்கள். அடைமழையில் ஒரு கையில் குடையும் மறு கையில் பூவாளியுமாக நிற்பவரிடம், “மழைதான் பெய்யுதே சார்” என்றால், “அது ஊருக்குப் பெய்யுறது. இது நம்ம செடிக்குன்னு ஊத்துறது” என்பார். இந்தப் பாசம்தான் செடிக்கு எமன் என்பது என் வாதம். மழையில் பிழைத்த செடிகூட இவர் கையில் பிழைப்பது அரிது.

இதற்கு முதல் சாட்சி மண். இந்த மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. கேப்பர் மலைச் செம்மண் அதை உள்ளே இறக்கிவிடும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள சிதம்பரத்துக் களிமண் லேசில் இறக்காது. மண்ணிடுக்கில் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும், அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, இலை வாடும். வாடிய இலையைப் பார்த்ததும் நம்மவர் ‘ஐயோ, தாகம்’ என்று இன்னொரு குடம் ஊற்றுகிறார். பிச்சாவரத்து அலையாத்தி மரங்களில் சில, சேற்றில் மூச்சுவிடுவதற்கென்றே வேரை மேலே நீட்டி வைத்திருக்கின்றன. கறிவேப்பிலைக்கு அந்த ஏற்பாடு கிடையாது. அள்ளிப் போட்ட யூரியாவும் அடுத்த மழையில் கரைந்து தெருவோரத்துக்குப் போகிறது. அங்கே கோரை செழிப்பதைக் கண்டு உரம் நல்ல உரம் என்று மெச்சுகிறார். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கிய நீரில் டெங்கு கொசு முட்டையிடுகிறது. இவர் வளர்ப்பில் குறைவில்லாமல் பெருகுவது அது ஒன்றுதான்.

‘அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது மறந்துவிட்டதா?’ என்று கேட்பார். மறக்கவில்லை. ஆனால் புயலுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் புயலுக்கு முன்னால் செய்ய வேண்டியவை: வாழைக்கு முட்டுக் கொடுப்பது, முருங்கையின் உயரத்தைக் குறைப்பது, தொட்டித் துளை அடைத்திருந்தால் குத்தி விடுவது, வாய்க்காலில் சேர்ந்த சருகை அள்ளுவது. எல்லாம் புரட்டாசியோடு முடிய வேண்டிய வேலை. புரட்டாசியில் இவர் திண்ணையில் உட்கார்ந்து, ‘இந்த வருஷம் மழை ஏமாத்திடும்’ என்று ஆரூடம் சொல்லிக்கொண்டிருப்பார். இன்னொரு கட்சி, இவர் இல்லாவிட்டால் தெருவில் பச்சையே இருக்காது என்று வாதாடும். அதில் நியாயம் உண்டு. ஈரமும் மேகமூட்டமும் சேர்ந்த நாட்களில் செம்பருத்தி, நந்தியாவட்டைக் குச்சிகள் எளிதில் வேர் பிடிக்கும். பத்திரிகை வைக்க வந்தவர்கூட இவரிடமிருந்து ஒரு குச்சி வாங்காமல் படியிறங்க முடியாது. தெருவின் பச்சைக்குக் காரணம் அந்தத் தாராளம். கொடுத்த குச்சியைப் பார்க்க அவர் தினமும் வராததும் ஒரு காரணம். செடி தழைப்பது அடுத்த வீட்டில்தான்.

ஆகவே, வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் புரட்டாசியில் அவர் கையில் மண்வெட்டியைக் கொடுங்கள். ஐப்பசி பிறந்ததும் பூவாளியைப் பரணில் ஏற்றிவிடுங்கள். பொங்கல் கழிந்து இறக்கிக் கொடுத்தால் போதும்.