மைசூரு மரவேலையில் காம்பினேஷன் ஸ்கொயரின் அளவு: ஒரு பன்முக ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

காம்பினேஷன் ஸ்கொயர் வாங்கப் போகிறவர் 4 அங்குலம் வாங்குவதா, 6 அங்குலமா, 12 அங்குலமா? இதை ஆசாரியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் பதில் கிடைத்து ஆய்வே முடிந்துபோகும் அபாயம் இருப்பதால், கள ஆய்வு தவிர்க்கப்பட்டது.

ஆய்வு எல்லை

வடக்கே மண்டி மொகல்லா. தெற்கே சாமுண்டி மலை. மலைக்கும் மரவேலைக்கும் தொடர்பில்லை. ஆனால் ஆய்வு என்றால் எல்லை வேண்டும்.

முன்வரலாறு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த லாராய் ஸ்டாரெட் இக்கருவிக்கு 1879இல் காப்புரிமை பெற்றார். 90 பாகையும் 45 பாகையும் காட்டும் இரும்புத் தலை, அதில் முன்னும் பின்னும் நகரும் அளவுகோல், அதை இறுக்கிப் பிடிக்க ஒரு திருகு: கருவி இவ்வளவுதான்.

மைசூருவின் பழைய மர அரண்மனை 1897இல் அரச குடும்பத் திருமணத்தின்போது தீக்கிரையானது. ஹென்றி இர்வின் வடிவமைத்த புதிய அரண்மனை 1912இல் முடிந்தது. அதில் அம்பாவிலாச மண்டபத்தின் ஈட்டிமரக் கதவில் தந்தம் பதித்தவர்களிடம் ஸ்டாரெட்டின் கருவி இருந்திருக்கலாம். இருந்தது என்பதற்குச் சான்றில்லை. இல்லை என்பதற்கும் சான்றில்லை. முனைவர் பட்டத்துக்கு இதைவிடத் தோதான தலைப்பு அமையாது.

தொல்காப்பியத்தில் காம்பினேஷன் ஸ்கொயர் பற்றிக் குறிப்பு இல்லை. எல்லார் வீட்டிலும் இருந்த பொருளை எடுத்துச் சொல்வானேன் என்று ஆசிரியர் விட்டிருப்பார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

வகைப்பாடு

4 அங்குலம்: சட்டைப் பையில் அடங்கும்.

6 அங்குலம்: இழுப்பறை, நாற்காலிச் சட்டம், படச்சட்டத்தின் 45 பாகை வெட்டு, துளையின் ஆழம் ஆகியவற்றுக்கு. முழு ஆறு அங்குலமும் கோடு போடக் கிடைக்காது. கொஞ்சத்தைத் தலை விழுங்கிக்கொள்ளும்.

12 அங்குலம்: அலமாரிப் பலகைக்கும் மேசைக்கும். ஒல்லிச் சட்டத்தின் மேல் வைத்தால் கோலின் கனம் ஒரு பக்கம் இழுக்க, தலை விளிம்பை விட்டு எழும்பும், கோடு கோணும்.

18, 24 அங்குலம்: விருந்தாளிகளுக்குக் காட்ட.

குத்தூசி அதிகாரம்

தலையின் அடியில், பித்தளைக் குமிழ் வைத்த சிறு குத்தூசி ஒன்று செருகியிருக்கும். கடையில் இருக்கும், பட்டறையில் இருக்காது. ஏன்? அறிஞரிடையே மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. மரத்தூளில் விழுந்தது என்பது வீழ்ச்சிக் கொள்கை. பக்கத்துப் பட்டறைக்காரர் எடுத்தார் என்பது கவர்தல் கொள்கை. ஊசி என்றுமே இருந்ததில்லை, துளை மட்டுமே மெய் என்பது மாயாவாதம்.

யாரும் இன்னும் எழுதாத ‘குத்தூசி விளக்கம்’ முதல் கொள்கையை நிறுவுகிறது. அதற்கு வரவிருக்கும் பேருரை அதை மறுக்கிறது. அப்பேருரையின் மூன்றாம் பதிப்பில், கரையான் தின்னப்போகும் பக்கத்தின் அடிக்குறிப்பில், அச்சுப்பிழையோ என்று ஐயுறத்தக்க ஒரு கமாவுக்குப் பின், உரைகாரர் தம்மைத் தாமே மறுத்துக்கொள்கிறார். அந்தக் கமாவை ஆராய்ந்து இருவர் பட்டம் பெறவிருக்கிறார்கள். முதலாமவர் இரண்டாமவரை மேற்கோள் காட்டுவார்; இரண்டாமவர் முதலாமவரைக் காட்டுவார்; இருவரும் துறைத்தலைவரைக் காட்டுவார்கள். துறைத்தலைவர் குத்தூசியைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். ஒரு பொருளைக் கண்டவர்தான் அதைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதலாம் என்று விதி வைத்தால் நம் பல்கலைக்கழகங்களில் பாதித் துறைகளைப் பூட்ட வேண்டிவரும்.

இத்தனைக்கும் பலகையில் வேறு நிற மரத்துண்டுகளைப் பதிக்கும் மைசூரு வேலைக்குக் குத்தூசிதான் உயிர். ஈட்டிப் பலகையின் கறுப்பில் பென்சில் கோடு சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் கோட்டுக்கென்று ஒரு தடிப்பு உண்டு, அதன் எந்த ஓரத்தில் வெட்டுவது என்ற குழப்பம் வரும். பதிக்கும் துண்டு பள்ளத்தில் இடைவெளி தெரியாமல் உட்கார வேண்டிய இடத்தில் அந்தக் குழப்பம் ஆகாது. ஊசியால் கீறினால் உளியின் முனை கீறலில் தானாகப் போய் உட்காரும்.

முடிவுரை

அளவு பற்றியும் ஊசி பற்றியும் இத்தனை ஆராய்ந்தும், கருவி நேராக இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. விளிம்பை இழைத்து நேராக்கிய பலகைத் துண்டு ஒன்றையும் சீவிய பென்சிலையும் கடைக்கு எடுத்துப் போங்கள். தலையை விளிம்போடு அணைத்து ஒரு கோடு போடுங்கள். கருவியைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் 90 பாகை சரி. விரிந்தால், விரிசலில் பாதி கருவியின் கோணல். கோணல் கருவி 24 அங்குலமானாலும் கோணல்தான்.

முதல்முறை வாங்குகிறவர் 6 அங்குலம் வாங்கட்டும். பெரிய பலகைக்கு வேலை வரும்போது 12 அங்குலம் வாங்கிக்கொள்ளலாம். குத்தூசி இருக்கிறதா என்று பணம் கொடுக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.