நாய்க்கு ஒரு ஸ்பீக்கர், நெத்திக்கு ஒரு மின்னல்

இருங்கோ பிள்ளையள். பேரன் ஸ்பீக்கர் வாங்கப் போறானாம், பேத்தி முகப்பருவுக்கு ‘ஹை பிரிக்குவென்சி’ மெசின் வாங்கப் போறாளாம். கிழவனட்டை ரெண்டு பேரும் புத்தி கேக்க வரேல்லை, பென்சன் காசு கேக்கத்தான் வந்தனியள். காசு வேணுமெண்டால் கதையையும் கேக்கத்தான் வேணும்.

தம்பி, நீ பாத்த பெட்டியில 40,000 ஹேர்ட்ஸ் எண்டு போட்டிருக்காம். மனிசக் காது நல்லாயிருக்கிற வயசிலயே 20,000 ஓட நிண்டுபோம். என்ரை காது அதில பாதியிலயே கதவைச் சாத்திப்போட்டுது. மிச்சத்தை எங்கட வீட்டு நாய்தான் கேக்கும். நாய்க்கு வாங்கிறதெண்டால் அதின்ரை விருப்பத்தையும் ஒருக்காக் கேப்பம்.

பேந்து வோட்ஸ் கதை. ‘பிஎம்பிஓ’ எண்டு ஆயிரக்கணக்கில எழுதியிருப்பாங்கள். அது கண்வெட்டுற நேரக் கணக்கு. ‘விடாமல் தாற ஆர்எம்எஸ் வோட்ஸ் எவ்வளவு?’ எண்டு கேட்டுப்பார், கடைக்காரன் தலையைச் சொறிவான். கனக்க வோட்ஸ் வேணுமெண்டுமில்லை. 1990 இல சண்டையால கரண்ட் போய், பற்றறிக்கும் தடை வந்த காலத்தில, சைக்கிளைக் கவிட்டுவைச்சுப் பெடலைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட ஊர் இது. அந்த டைனமோ 6 வோல்ட், 3 வோட்ஸ். கொப்பர் சுத்த, ஒழுங்கைச் சனம் முழுக்கச் சுத்திவர நிண்டு பிபிசி தமிழோசை கேட்டது. அவற்றை கை களைச்சால் லண்டனில செய்தி வாசிக்கிறவருக்கும் குரல் இறங்கும்.

எங்க வைக்கப் போறாய் எண்டதை முதல் சொல்லு. கோயில் திருவிழாவுக்குப் பனையில கட்டுறது குழாய் ஸ்பீக்கர். குரலைத் தூரத்துக்கு எறியும், அடித்தொனி வராது. கலியாண மண்டபத்துக்கு பேஸ் பெட்டி வேணும். உன்ரை பத்தடி அறைக்கு ரெண்டு சின்னப் பெட்டி காணும். அம்பிளிபயருக்குப் பொருந்துற ஓம்ஸோ எண்டு பார். ஹெட்போன் எண்டால், உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபலில கிழமைக்கு 40 மணித்தியாலம் கேக்கலாம். 90 எண்டால் 4 தான். கூட்டிவைச்சுக் கேட்டால் கொம்மா கூப்பிடுறது கேக்காமல் போம். இப்பவும் கேக்கிறேல்லை, அது வேறை வருத்தம்.

பிள்ளை, இனி உன்ரை மெசின். கண்ணாடிக் குழாய்க்குள்ள ஆர்கன் அடைச்சால் ஊதா வெளிச்சம், நியோன் எண்டால் செம்மஞ்சள். தோலில வைக்க ‘சிர்’ரெண்டு பொறி பறக்கும், ஓசோன் மணக்கும். பருவைக் கொஞ்சம் காயவைக்கும் எண்டுகினம். ஆராய்ச்சிச் சாட்சி குறைவு. நூறு வருசத்துக்கு முந்தி அமெரிக்காவில இதே ஊதாக் குழாயைச் சகல வருத்தத்துக்கும் மருந்தெண்டு வித்தவங்கள். பிறகு அரசாங்கம் பிடிச்சு நிப்பாட்டினது. இப்ப மயிரும் முளைக்குமாம். அப்பிடியெண்டால் முதல் என்ரை மண்டையில பிடி.

பேஸ்மேக்கர் வைச்சவை, பிள்ளைத்தாச்சியள், வலிப்புக்காரர் இதைத் தொடப்படாது. ஸ்பிரிட் கலந்த டோனர் பூசின கையோட பிடிச்சியோ, பொறி பத்தும். பருவும் போம், முகமும் போம்.

தம்பி, உனக்கு ரெண்டு சின்னப் பெட்டிக்குக் காசு தாறன். பிள்ளை, உனக்கு பஸ் காசு தாறன். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில தோல் டொக்டரட்டை முகத்தைக் காட்டு. அங்க காசு கேக்கமாட்டினம்.