ஃபார்மேஷன் இசட் அல்லது வெள்ளறை இயந்திரம்: ஒரு பாடபேத ஆராய்ச்சி

திருவரங்கத்தாருக்கு ஓர் இயந்திர நாய் இருக்கிறது. பெயர் ஜீனோ. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் அதை அவிழ்த்துவிட்ட நாள்முதலாக எங்கள் உறவில் ஸ்ரீரங்கத்துக் கிளைக்குக் கொஞ்சம் தலைக்கனம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட அத்தை மகன் ஜீனோவில் தொடங்கி எந்திரனில் வந்து நிற்பான். திருவெள்ளறைக் கிளையான எங்களுக்கு இது பொறுக்கவில்லை. அரங்கத்துக்கே ஒரு ரோபோ உண்டென்றால், அதற்கும் முந்தியது என்பதால் 'ஆதி வெள்ளறை' என்று பெயர் வாங்கிய எங்கள் ஊருக்கு இல்லாமல் போகுமா? முடிவை முதலில் தீர்மானித்துவிட்டு ஆதாரத்தைப் பிறகு தேடுவது நம் ஆராய்ச்சி மரபு. நான் மரபை மீறுகிறவன் அல்லன்.

தேடியதில் அகப்பட்டது ஃபார்மேஷன் இசட். ஜப்பானின் ஜாலெகோ நிறுவனம் 1984இல் காசு போட்டு ஆடும் பெட்டியாகச் செய்து, 1985இல் நிண்டெண்டோவின் ஃபாமிகாமுக்கு இறக்கிய ஆட்டம். அமெரிக்காவில் அந்தக் காசுப் பெட்டிக்கு ஏரோபோட்டோ என்று பெயர். கதை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ரோபோ ஓடுகிறது, எதிரே வருவதையெல்லாம் சுடுகிறது. பொத்தானை அழுத்திப் பிடித்து விட்டால் குண்டு பெரிதாகப் போகும். வேண்டுமென்றால் ரோபோ விமானமாக மாறிக்கொள்ளலாம். ஆனால் பறக்கப் பறக்க ஆற்றல் கரையும். மளமளவென்று எண் இறங்கும். திடீரென்று நிலம் முடிந்து கடல் வந்துவிடும். வழியில் கிடைத்ததைப் பொறுக்கிச் சேர்த்து வைத்தவன் பறந்து கரை சேர்வான். வாசலிலேயே பறந்து காட்டியவன் தொபுக்கென்று தண்ணீரில்.

முதலில் பெயரைப் பார்ப்போம். எங்கள் தெருவில் இதற்கு இரண்டு பாடங்கள் வழங்கின. ஆங்கில வாத்தியாரின் பிள்ளைகள் 'ஃபார்மேஷன் இசட்' என்றார்கள். மற்ற அனைவரும் 'ஃபார்மேசன் ஜெட்'. முன்னதே மூலபாடம் என்று மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் சொல்லிவிடலாம். நான் உடன்படவில்லை. ஆட்டத்தின் உயிர்நாடியே ரோபோ ஜெட் விமானமாக மாறுவதுதான். பொருளோடு பொருந்துகிற பாடத்தைத் தள்ளிவிட்டு அகரவரிசையின் கடைசி எழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? ஜப்பானியர் தமிழ்ப் பாடத்தைக் கேட்டு எழுதும்போது காதில் பிழையாக விழுந்திருக்கிறது என்பதே என் துணிபு.

இனி ஏட்டுப் பிரதிகள், அதாவது கேசட்டுகள். நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அசல் ஃபாமிகாம் அல்ல. லிட்டில் மாஸ்டர், மீடியா என்று பெயர் பொறித்த வேறு பெட்டிகள். கூடவே ஒரு மஞ்சள் கேசட். அதன்மேல் 9999999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே போய் எண்ணினால் பத்தோ பதினைந்தோ. மீதியெல்லாம் அதே ஆட்டம், வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். இடைச்செருகல் என்பதை நான் கற்றது கல்லூரித் தமிழ் வகுப்பில் அல்ல, இந்தக் கேசட்டில்தான். ஃபார்மேஷன் இசட் போன்ற தொடக்க கால ஆட்டங்கள் இப்படிப்பட்ட கேசட்டுகளில் இடம்பிடித்ததற்குக் காரணம் அவற்றின் பெருமை அல்ல, சிறுமை. கொஞ்ச நினைவகத்தில் அடங்கிவிடும். கூடுதல் சில்லு கேட்காது. தேர்த் திருவிழாவுக்கு வரும் பேருந்தில் குழந்தைகளை மடியில் ஏற்றிக்கொள்வதைப் போல ஏற்றிக்கொண்டார்கள்.

ஏடு படிக்காதபோது மஞ்சள் தடவுவது பழைய முறை. கேசட் படிக்காதபோது ஊதுவது எங்கள் முறை. ஊதினால் தூசு போகும் என்று நம்பினோம். உண்மையில் பலன் தந்தது கழற்றித் திரும்பச் செருகியதுதான். எங்கள் எச்சில் ஈரம் செப்புத் தகடுகளை அரித்ததே மிச்சம். இதைப் பிற்காலத்தில் தெரிந்துகொண்டபோது, மந்திரம் ஒன்றும் செய்யவில்லை, மருந்துதான் வேலை செய்தது என்று தெரிந்த நோயாளியைப் போல வருத்தப்பட்டேன்.

இவ்வளவு நல்ல ஆட்டம் ஏன் எடுபடவில்லை? 1988இல் ஃபாமிகாமுக்கு வந்த கோனாமியின் காண்ட்ராவே காரணம் என்பேன். காண்ட்ராவை இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். அண்ணனும் தம்பியும் ஒரே சமயத்தில் சுடலாம், ஒருவன் உயிரை மற்றவன் பிடுங்கிக்கொள்ளலாம். கூட்டுக்குடும்பத்துக்கு ஏற்ற ஆட்டம். ஃபார்மேஷன் இசட்டில் ஒருவன் ஆட மற்றவன் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்ல வேண்டும். திருவெள்ளறையில் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆட்டம் கைமாறாததுதான் சிக்கல். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர் வண்டி பிடித்து வந்த சொந்தக்காரப் பையன் ஒரு முறைகூடக் கை கிட்டாமல் ஊர் திரும்பிய வழக்கு எங்கள் வீட்டிலேயே உண்டு. அந்தப் பையன் யார் என்பது முதல் பத்தியைப் படித்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

தொன்மைக்கு வருவோம். தானே சுடும் இயந்திரம் நமக்குப் புதிதா? சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளை அடுக்குகிறது. தானே வளைந்து எய்யும் விற்பொறி உண்டு, குரங்கு வடிவில் ஒன்று உண்டு. பெருங்கதையில் பிரச்சோதனன் வீரர்களை வயிற்றுக்குள் ஒளித்த யானைப் பொறியை அனுப்பி உதயணனைப் பிடிக்கிறான். பறக்கும் இயந்திரமோ சீவக சிந்தாமணியில் இருக்கிறது. சச்சந்தன் தச்சனைக் கொண்டு மயிற்பொறி செய்வித்து, கருவுற்ற விசயையை ஏற்றி அனுப்புகிறான். பகைவனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்க, பொறி சுடுகாட்டில் வந்து இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். ஜப்பானிய ஆட்டத்தில் பொறி விழுந்தால் ஆட்டம் முடிந்தது. நம்மவர் பொறி விழுந்த இடத்தில்தான் காப்பியத்தையே தொடங்கினார்கள்.

இவையெல்லாம் பொதுச் சான்றுகள். வெள்ளறைக்கே உரிய சான்று கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது. தந்திவர்ம பல்லவன் காலத்தில், சுமார் 800ஆம் ஆண்டில், கம்பன் அரையன் என்பவன் வெட்டிய மார்ப்பிடுகு பெருங்கிணறு. நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது. இன்று அரசு ஒப்பந்தம் எடுப்பவர்கள் அந்த வரியை இருமுறை படிக்கலாம். நான்கு புறமும் படிக்கட்டு இறங்கி, ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகத் திரும்பும் ஸ்வஸ்திக வடிவம். மேலே நின்று பார்க்கிறவனுக்கு உடனே தோன்றுவது ஜாய்ஸ்டிக்கின் கூட்டல் குறிப் பொத்தான்தான். அதை வடித்தவர் கும்பெய் யோகோய், 1982இல், கையடக்க டாங்கி காங் ஆட்டத்துக்காக என்கிறார்கள். 1982 எங்கே, 800 எங்கே?

கிணற்றின் கைகள் வளைந்தவை, பொத்தானின் கைகள் நேரானவை என்று அத்தை மகன் மறுத்தான். அரை மணிக்கு 5 ரூபாய் கொடுத்து ஆடியவன் கையில் அந்தப் பொத்தான் எப்படியெல்லாம் வளையும் என்பதை அவன் கண்டதில்லை. காணாததற்கான காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். மேலும் ஒரு சான்று. ஒரு துறையில் குளிப்பவரை மறு துறையில் குளிப்பவர் பார்க்க முடியாது என்பதால் ஊரில் இதற்கு மாமியார் மருமகள் கிணறு என்று பெயர். ஃபாமிகாமின் சில்லும் அப்படியே. ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்குமேல் காட்டாது. ஒன்பதாவது வந்தால் அது மறையும், அல்லது எல்லாம் மாறிமாறி மினுக்கும். எட்டுக்குமேல் ஒரே துறையில் கூடாது என்ற நாகரிகம் அது.

கோயிலுக்குள்ளேயே உருமாற்றத் தத்துவம் இருக்கிறது. புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவிக்க இரண்டு வாசல்கள். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். ஒன்று திறந்தால் மற்றது மூடும். ரோபோவாக இருக்கையில் விமானம் இல்லை, விமானமாக இருக்கையில் ரோபோ இல்லை. முன்னால் நிற்கும் ராஜகோபுரம் முடிக்கப்படாதது. ஃபார்மேஷன் இசட்டின் முடிவையும் எங்கள் தெருவில் ஒருவரும் கண்டதில்லை. இதற்குமேலும் சான்று கேட்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

நாழிகேட்டான் வாயில் என்றும் ஒன்றுண்டு. உலா போய்விட்டு நேரம் கழித்துத் திரும்பும் பெருமாளை, தாயார் அங்கே நிறுத்தி ஏன் இவ்வளவு நேரம் என்று விசாரிப்பதாக ஐதீகம். இந்த ஊரில் தாயாருக்கே முதலிடம். புறப்பாட்டிலும் அவரே முன்னால் போவார். ஆட்டத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று நான் நெடுநாள் குழம்பினேன்.

சென்ற தை மாதம் களஆய்வு. பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினேன். அந்தக் காலத்து டயனோரா எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டதால், சுவரில் தொங்கும் புது டிவியின் பின்னால் மஞ்சள், வெள்ளை வயர்களைச் செருகினேன். ஊத மாட்டேன் என்று உறுதி எடுத்திருந்தும் கை தானாக வாய்க்குப் போனது. அத்தை மகனும் சாட்சியாக ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்தான். இம்முறை முதலில் அவன் கையில் கொடுத்தேன். வாசலிலேயே பறக்காதே, சேர்த்து வை என்றேன். கேட்கவில்லை, ஓடத் தொடங்கியதும் விமானமாக்கி, ஒன்றுமில்லாத ஆகாயத்தில் மேலும் கீழும் போய்வந்தான். கடல் வந்தபோது எண் பூச்சியத்தை நெருங்கியிருந்தது.

ரோபோ நீரில் விழுந்தது. அவன் ஜாய்ஸ்டிக்கை விடவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று பதினோராவது முறை விழுந்தபோது கூடத்து விளக்கு எரிந்தது. கதவருகே அம்மா.

"ரெண்டு பேருக்கும் மணி என்ன ஆச்சு தெரியுமாடா?"